கிறிஸ்டோபர் கேட்ட சிவப்புப் பட்டை

ஒரு திங்கட்கிழமை காலை கிறிஸ்டோபரின் கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது.

வழக்கம்போல் ஹெட்போனின் ஒரு பக்கத்தை இடது காதில் வைத்துக்கொண்டு, வலது காதை டெலிபோனுக்கு விட்டுவிட்டு, கீபோர்டில் கீழ்நோக்கும் அம்புக்குறியை அழுத்தினார். நோயாளியின் பெயர் வரவேண்டும். வரவில்லை. "பேன்" என்றது குரல். மறுபடி அழுத்தினார். "பேன்." இன்னொரு தடவை. "பேன்."

ஹெட்போனில் கோளாறோ என்று கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்து மேஜை சுகாசினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாண்ணா, உங்க கம்ப்யூட்டர் தலையில பேன் பூந்துடுச்சா?"

கிறிஸ்டோபர் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

கிறிஸ்டோபருக்குப் பார்வை கிடையாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பொழுது சாய்ந்தால் எதிரே வரும் சைக்கிள் தெரியாது. இருபது வயதுக்குள் பகல் வெளிச்சமும் போய்விட்டது. பாலாற்றில் மணல் லாரிக்கு மூட்டு வலிக்க மண் வாரிப் போட்ட அப்பா, அந்தக் கூலியிலேயே அவரைப் பூந்தமல்லியில் பார்வையற்றோர் பயிற்சிக்கு அனுப்பிக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். திரையில் இருப்பதையெல்லாம் சத்தமாகப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் என்ற ஒரு மென்பொருள் உண்டு. அதை வைத்துக்கொண்டு என்ன வேலையும் செய்யலாம் என்ற தைரியம் அங்கேதான் வந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவருக்கு வேலை கிடைத்தது. போன் எடுக்கிற வேலை. "சார், என் பொண்ணுக்கு டெங்குவா இல்லியா?" என்று வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் கேட்பார். "ஆயாவோட சுகர் எவ்ளோ வந்துக்குது?" என்று உத்திரமேரூரிலிருந்து ஒரு பையன் கேட்பான். கிறிஸ்டோபர் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே பட்டியலில் இறங்குவார். பெயர், வயது, ஊர், பரிசோதனை, அளவு என்று இடது காதில் குரல் சொல்லும். அதை மனிதர்களுக்குப் புரியும் தமிழில் வலது காதுப் பக்கம் சொல்வார். கல்யாணமும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. ஓரிக்கையில் வாடகைக்கு வீடு பிடித்ததும் அப்படித்தான்.

அந்தத் திங்கட்கிழமை லேபில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் புது சாஃப்ட்வேர் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கிறிஸ்டோபரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் சரி.

"சூப்பரா இருக்குதுண்ணா, நீலக் கலர்ல" என்று சுகாசினி முதலில் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதற்குள் அவர் மேஜையில் போன் அடித்தது. ஒரு பெண் தன் மகனுக்கு ரத்தத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் எவ்வளவு என்று கேட்டாள். கிறிஸ்டோபர் பெயரைக் கேட்டுக்கொண்டு கீழே இறங்கினார். பேன், பேன், பேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிடிபடாதபோது, இங்கே ஏதோ ஒரு கட்டம் இருக்கிறது என்று அந்தக் குரல் சொல்லும் ஆங்கில வார்த்தை அது.

"ஒரு நிமிஷம்மா" என்றார். அந்தப் பெண் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரலில் பயம் ஏறியது. "இன்னா சார், சொல்ல மாட்டேன்றீங்க? ரொம்ப கொறஞ்சிடுச்சா?"

சுகாசினி எழுந்து வந்து போனை வாங்கிப் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு வந்த அழைப்புகளையும் அவளே எடுத்தாள். மதியத்துக்குள் கிறிஸ்டோபர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் வேலை பார்க்கும் ஆள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அந்த அறையில் ஒரு நாற்காலியை அடைத்துக்கொண்டிருக்கும் ஆள். அது எப்படி ஒரு காலைக்குள் நடந்தது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

லேபை நடத்தும் டாக்டர் வசந்த் நல்ல மனிதர். தோளில் கை வைத்து, "ஒரு வாரம் வீட்ல ரெஸ்ட் எடுங்க கிறிஸ்டோபர். ஏதாவது வழி பண்ணலாம்" என்றார். என்ன வழி என்று அவருக்கும் தெரியவில்லை. கிறிஸ்டோபர் தலையாட்டினார்.

வீட்டில் புடவைக்குக் குச்சு கட்டிக்கொண்டிருந்த மனைவி பிரவீனா, அவர் சீக்கிரம் வந்ததும் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

"அந்த சாஃப்ட்வேர செஞ்சவங்க யாரு?" என்றாள்.

"தெரியல."

"மனுஷங்கதான செஞ்சிருப்பாங்க? அவங்களுக்குப் போன் போடு."

கிறிஸ்டோபர் அப்படி யோசித்ததே இல்லை. மழை மாதிரி, வெயில் மாதிரி அதுவும் மேலேயிருந்து வந்தது என்றுதான் நினைத்திருந்தார். சுகாசினியிடம் உதவி எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள். பெயர் ஜீவிதா என்றாள்.

"லிஸ்ட் வரலைங்களா சார்? சரி, இப்ப ஸ்க்ரீன்ல உங்களுக்கு என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியாதும்மா. எனக்குக் கண்ணு தெரியாது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து "ஹலோ" என்றார்.

"இருக்கேன் சார்" என்றாள் ஜீவிதா. குரல் மாறியிருந்தது. "நீங்க காஞ்சிபுரம் லேபா? நான் பக்கத்துல செவிலிமேடுதான் சார். தினம் சென்னைக்குப் போய்ட்டு வரேன். நாளைக்கு நேர்ல வரேன். நீங்களும் வந்துடுங்க."

மறுநாள் வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் லேப்டாப் பை. கிறிஸ்டோபரின் மேஜைக்கு முன்னால் நின்று மானிட்டரைத் தட்டினாள். எரியவில்லை. பின்னால் எட்டிப் பார்த்தாள். வயரே செருகப்படவில்லை. திரைமேல் தூசி படிந்திருந்தது.

"அவருக்கு எதுக்குமா மானிட்டரு? கரண்டு தண்டம்" என்றாள் சுகாசினி, சாதாரணமாக.

ஜீவிதா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். புது சாஃப்ட்வேரை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. பழைய சாஃப்ட்வேர் எந்தக் காலத்திலோ எழுதியது. புது விண்டோஸில் அடிக்கடி நின்றுபோனது. அதனால் எல்லாவற்றையும் ஃபிரேம்வொர்க் என்ற புதிய அடித்தளத்தின்மேல் மாற்றி எழுதினார்கள். நோயாளிகளின் பட்டியலை மட்டும் அவளே கோடு கோடாக வரைந்து, வண்ணம் கொடுத்து, மூலைகளை வளைத்து, வருடக்கணக்கில் இழைத்திருந்தாள். அதற்கு ஆபீஸில் கை தட்டியிருந்தார்கள். அந்தப் பட்டியல் இந்த மேஜையில் இருட்டில் கிடந்தது.

ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு அம்புக்குறியை அழுத்தினாள். நிறைய நேரம் அழுத்தினாள். பிறகு கழற்றிவிட்டு, "தப்பு எங்களோடதுதான் சார்" என்றாள். "பழைய லிஸ்ட்ல ஒவ்வொரு வரியும் எழுத்தா இருந்துச்சு. உங்க குரலு அதப் படிச்சுது. நான் செஞ்சது படம் மாதிரி. படத்துல அதுக்குப் படிக்க ஒண்ணுமில்ல."

"சரி பண்ண முடியுமாமா?"

"முழுசா திருப்பி எழுதணும்னா மாசக்கணக்குல ஆகும்." கொஞ்சம் யோசித்தாள். "வேற ஒரு வழி இருக்குது. பழைய லிஸ்ட்ட அப்படியே எடுத்துப் புது விண்டோவுக்குள்ள உக்கார வைக்கலாம். அதுக்கு இடம் விட்டுத்தான் ஃபிரேம்வொர்க்க செஞ்சிருக்காங்க. அசிங்கமா இருக்கும். ஆனா பேசும்."

"அசிங்கம் என்னை ஒண்ணும் பண்ணாதும்மா" என்றார் கிறிஸ்டோபர்.

அடுத்த வாரம் அதைச் செய்துகொண்டு வந்தாள். இந்த லேபில் மட்டும் முதலில் போட்டுப் பார்ப்பது, சரியாக இருந்தால் மற்ற ஊர் லேப்களுக்கும் அனுப்புவது என்று ஆபீஸில் ஒப்புதல் வாங்கியிருந்தாள். கூடவே இன்னொன்றையும் செய்திருந்தாள். புது சாஃப்ட்வேரில், யாருடைய ரத்தத்திலாவது ஏதாவது ஓர் அளவு உயிருக்கே ஆபத்தான எல்லைக்குப் போய்விட்டால், பட்டியலின் மேல்பகுதியில் ஒரு சிவப்புப் பட்டை வந்து விழும். அதைப் பார்த்ததும் போன் மேஜையில் இருப்பவர்கள் எல்லா வேலையையும் விட்டுவிட்டு நோயாளியைக் கூப்பிட வேண்டும். அந்தப் பட்டைக்கும் இப்போது பேச்சு கொடுத்திருந்தாள். விழுந்த உடனே ஒரு தடவை தானாகச் சொல்லும்.

கிறிஸ்டோபர் அம்புக்குறியை அழுத்தினார். "அனு, பெண், இருபத்தாறு, ஐயம்பேட்டை" என்றது குரல். மறுபடி அழுத்தினார். அடுத்த பெயர். அடுத்தது. பட்டியலின் கடைசி வரைக்கும் போய்விட்டு மேலே வந்து, திரும்பவும் கடைசி வரைக்கும் போனார். யாரும் அவரை நிறுத்தவில்லை. அவசரத்தில் நடுவில் இரண்டு பெயர்களைத் தாண்டிவிட்டு, திரும்பிப் போய் அவற்றையும் கேட்டார்.

சுகாசினிக்குத்தான் பிடிக்கவில்லை. எல்லா மேஜைக்கும் ஒரே சாஃப்ட்வேர் என்பதால் அவள் திரையிலும் பழைய வெள்ளைப் பட்டியல் வந்து உட்கார்ந்துவிட்டது. "புதுப் பட்டுக்குப் பழைய ஜாக்கெட் போட்ட மாதிரி இருக்குது" என்றாள். ஜீவிதாவே சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை. கிறிஸ்டோபர் வந்து உட்கார்ந்து, இரண்டு அழைப்புகளுக்குப் பதில் சொல்லி முடித்திருந்தார். மூன்றாவது ஆளிடம் பேசிக்கொண்டிருக்கும்போது இடது காதில் குரல் குறுக்கிட்டது.

"அபாய அளவு. தர்மன், ஐம்பத்தெட்டு, மாகறல். பொட்டாசியம் செவன் பாயிண்ட் டூ."

பேச்சை முடித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பினார். "சுகாசினி, தர்மனுக்கு நீ போன் பண்றியா, நான் பண்ணட்டுமா?"

"எந்த தர்மன்?"

"மாகறல். சிவப்புப் பட்டை வந்துக்குதே."

"இல்லண்ணா. ஒண்ணும் வரல."

"நல்லா பாருமா."

"பாத்துக்கினுதான் இருக்கேன். எம் மூஞ்சிக்கு நேராத்தான் இருக்குது ஸ்க்ரீன். ஒண்ணுமே இல்லண்ணா."

கிறிஸ்டோபருக்குச் சந்தேகம் வந்தது. நேற்றுத்தான் சரிசெய்த சாஃப்ட்வேர். இல்லாததைச் சொல்கிறதோ? கண் உள்ளவள் இல்லை என்கிறாள். பட்டியலில் இறங்கித் தேடினார். தர்மன் பெயர் இருந்தது. ஆனால் அளவு டாக்டர் கையெழுத்துக்காக இன்னும் திறக்கப்படாமல் இருந்தது. எதைக்கொண்டு உறுதி செய்வது? டாக்டர் வசந்த் உள்ளே ஒரு நோயாளியோடு இருந்தார். கூப்பிட்டுவிட்டுப் பொய்யாகிப் போனால்? வேலை திரும்பக் கிடைத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. ஒரு குடும்பத்தையே காரணமில்லாமல் பதற வைத்தார் என்ற பேர் வரும்.

போனை எடுத்தார், கீழே வைத்தார். திரும்ப எடுத்தார். எண்ணை அழுத்தினார்.

ஒரு பெண் எடுத்தாள். தர்மனின் மனைவி தேவகி.

"அம்மா, லேபுலருந்து பேசறேன். அவர் எப்படி இருக்காரு?"

"படுத்துக்கினு இருக்காருங்க. விடிஞ்சதுலருந்து காலு ரெண்டும் தூக்கவே முடியலன்றாரு. பஞ்சாட்டம் ஆயிடுச்சாம். கிட்னி ஆளு இல்லீங்களா, அப்பப்போ அப்படி வரும்னு விட்டுட்டேன்."

கிறிஸ்டோபர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, நான் சொல்றத கேளுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும். நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க. அவர நடக்க விடாதீங்க."

"நாளைக்கு டயாலிசிஸ் இருக்குது சார். அதுக்குத்தான் வரோமே."

"நாளைக்கு வேணாம்மா. இப்போ. பொட்டாசியம்னு ஒரு உப்பு, ரத்தத்துல ஏறிடுச்சு. நெஞ்சு நின்னுடும்மா."

சொன்ன பிறகுதான் தான் சொன்ன வார்த்தை அவருக்கே கேட்டது. அந்தப் பக்கம் தேவகி "ஐயோ" என்றாள். பிறகு போனைக் கீழே வைக்காமலே யாரையோ பேர் சொல்லிக் கத்திக்கொண்டு வெளியே ஓடும் சத்தம் வந்தது.

சுகாசினி அதற்குள் டாக்டரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். வசந்த் மெஷின் இருக்கும் அறைக்கு ஓடினார். மெஷின் தப்பாக அளந்திருக்கலாம் என்று, அதே ரத்தத்தை மறுபடி போட்டுப் பார்த்தார். வேகமாகத் திரும்பி வந்தார்.

"ஏழு புள்ளி ரெண்டுதான். உண்மைதான்." அப்புறம் சுகாசினியின் திரையைப் பார்த்தார். தன் அறைக்குப் போய்த் தன் திரையைப் பார்த்துவிட்டு வந்தார். "எங்கயுமே சிவப்பு இல்லையே?"

கிறிஸ்டோபர் ஜீவிதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் சென்னை போகும் ரயிலில் இருந்தாள். நடந்ததை அவளிடம் சொன்னார்.

"சுகாசினிக்கா" என்றாள். "அந்த வெள்ளை லிஸ்ட்டோட மேல் ஓரத்த மவுஸால பிடிச்சு, மெதுவா கீழ இழுங்க."

சுகாசினி இழுத்தாள். வெள்ளைப் பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அதற்கு அடியிலிருந்து ரத்தச் சிவப்பாக ஒரு பட்டை வெளியே வந்தது. தர்மன், மாகறல். அவள் கை நிற்கவில்லை. இன்னும் இழுத்தாள். அதற்குக் கீழே இன்னொரு சிவப்பு. அதற்கும் கீழே இன்னொன்று.

"ஐயோ, மூணு இருக்குது" என்றாள். அழுகை வந்துவிட்டது. "காலைலருந்து இங்கயே இருந்துக்குது. மூணு பேரு. நான் இதுக்கு எதிர்ல உக்காந்து டீ குடிச்சேன்."

பழைய பட்டியலுக்கு ஒரு குணம் உண்டு. புது விண்டோவுக்குள் உட்கார்ந்தாலும் அது புதுசோடு ஒட்டாது. தனக்குக் கொடுத்த இடத்தைத் தானே முழுக்க வரைந்துகொள்ளும். அதன்மேல் புதுசு எதை வரைந்தாலும் அதற்கு அடியில்தான் போய்விழும். பட்டைகள் விழவேண்டிய நேரத்தில் சரியாக விழுந்திருந்தன. கண்ணுக்குத்தான் மறைந்துபோயின. கிறிஸ்டோபரின் குரலுக்கு மேலே கீழே என்ற கணக்கு இல்லாததால் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. மற்ற இரண்டும் அவர் வந்து உட்காருவதற்கு முன்பே விழுந்தவை. ஒரு தடவை சொல்லி ஓய்ந்திருந்தன. கேட்க ஆள் இல்லை.

டாக்டர் ஒரு போனை எடுத்தார். கிறிஸ்டோபர் ஒன்றை எடுத்தார். ஜெயம்மாள் என்ற அம்மாவுக்கு சர்க்கரை நாற்பதுக்கு இறங்கியிருந்தது. வியர்த்துக் கொட்டியதால் மருமகளே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தாள். இன்னொருவன் ஜோசுவா, கல்லூரி மாணவன். தட்டணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. காய்ச்சல் விட்டுவிட்டது என்று பஸ் ஏறியிருந்தான். நடு வழியில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஜீவிதா அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தாள். லேபுக்குள் நுழைந்ததும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"உயிரோட இருக்காரா?" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குள்ள போய்ட்டாங்க. இன்னும் தெரியல" என்றார் கிறிஸ்டோபர்.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். "நாளைக்கு இத எல்லா ஊருக்கும் அனுப்பறதா இருந்தேன்ணா" என்றாள். சுகாசினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

தர்மன் பிழைத்தார். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோகும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்ததாம். ஊசி போட்டு, உடனே டயாலிசிஸில் போட்டார்கள். மாலைக்குள் கால் அசைந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்ததை, வசந்த் போனிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஜீவிதா அன்றைக்கே சிவப்புப் பட்டைக்குத் தனி இடம் ஒதுக்கினாள். விண்டோவின் உச்சியில், பட்டியல் தொடாத இடத்தில். பழைய பட்டியலை எடுக்கவில்லை. அதை எடுத்தால் கிறிஸ்டோபருக்கு வேலை இல்லை. பொய்யாக ஓர் அபாய அளவை அனுப்பி, சுகாசினியைப் பார்க்கச் சொன்னாள், கிறிஸ்டோபரைக் கேட்கச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வந்துடுச்சு" என்ற பிறகுதான் கிளம்பினாள். ஆபீஸில் என்ன சொன்னார்கள் என்று கிறிஸ்டோபர் பிறகு கேட்டபோது, "நடந்தத நடந்த மாதிரியே சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

கிறிஸ்டோபரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அவருக்கு அது ஒட்டவே இல்லை. பிரவீனாவிடம் மட்டும் சொன்னார். "நான் போனை எடுத்துட்டுக் கீழ வெச்சேன்மா. நம்ம வேலைய நெனச்சி வெச்சேன். அந்தம்மா அங்க கால் வரலன்னு சொல்லிக்கினு இருந்திருக்குது, நான் இங்க வெச்சிட்டேன்." அவள் குச்சு கட்டுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து குரல் "அபாய அளவு" என்று ஆரம்பித்தாலே அவருக்குத் தூக்கிவாரிப் போடும். இப்போதும் அப்படித்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். தேவகி ரத்தம் கொடுக்க தர்மனைக் கூட்டிக்கொண்டு லேபுக்கு வந்தாள். அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கவுன்டரில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். உள்ளேயிருந்து கிறிஸ்டோபர் யாரிடமோ போனில் பேசும் குரல் வந்தது. தேவகி அப்படியே நின்றாள். குரல் வந்த பக்கம் நடந்து, அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீங்கதானே அன்னிக்கு..." என்றவள் நிறுத்தினாள். அவர் கண்கள் அவளுக்கு நேராக இல்லை. கைக்குப் பக்கத்தில் மடித்த வெள்ளைக் கோல் சாய்ந்திருந்தது.

"தேவகியம்மாவா?" என்றார் கிறிஸ்டோபர்.

"உங்களுக்குக் கண்ணு..."

"இல்லம்மா."

திரும்பி பெஞ்சில் இருந்த புருஷனைப் பார்த்தாள். மறுபடி இவரைப் பார்த்தாள். "அப்போ அது எப்படிண்ணா உங்களுக்குத் தெரிஞ்சுது? யாருக்குமே தெரியலன்னு டாக்டரு சொன்னாரே?"

கிறிஸ்டோபர் சொல்ல ஆரம்பித்தார். புது விண்டோ, அதற்குள் பழைய பட்டியல், அதற்கு அடியில் போன பட்டை. நடுவில் சுகாசினி வேறு சேர்ந்துகொண்டு கையை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினாள். தேவகிக்குப் பாதிகூட விளங்கவில்லை. ஆனாலும் அவர் முடிக்கும் வரைக்கும் நகராமல் நின்று கேட்டாள். இரண்டு கையாலும் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ரிசல்ட்டு எப்பண்ணா வரும்?" என்றாள்.

"சாயங்காலம் போன் பண்ணுங்கம்மா. நான்தான் எடுப்பேன்."